நீண்டகால நோயில் இழந்த எடையை மீட்பது எப்படி: தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

காசநோய், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, ஈரல் நோய், நாள்பட்ட நுரையீரல் நோய், புற்றுநோய் என்று எதுவாக இருந்தாலும் முதல் சில மாதங்களில் பலருக்கும் எடை இறங்கிவிடுகிறது. மோதிரம் விரலில் நிற்காது. பேன்ட்டுக்குப் புதிதாக ஓட்டை போட்ட பெல்ட் வேண்டியிருக்கும். நோய் என்னவென்று தெரிந்து, சிகிச்சையும் தொடங்கி, இனி உடம்பைத் தேற்ற வேண்டும் என்ற நிலையில் இருக்கும் பெரியவர்களுக்காகவும், அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

காரணம் தெரியாமல் எடை இறங்கிக்கொண்டிருந்தால் முதலில் மருத்துவமனைக்குப் போங்கள். எடையைக் குறைக்க எந்த முயற்சியும் எடுக்காமல், ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் பரிசோதனை அவசியம். 60 கிலோ இருந்தவருக்கு அது வெறும் 3 கிலோதான். வெயில் காலம், வேலை அலைச்சல் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு தள்ளிப்போடுகிற அளவுதான் அது, அதனால்தான் சொல்கிறேன்.

இனி வரும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம். நோயாளிக்குப் பசி குறைவு. ஒரு நாளைக்கு அவரால் சாப்பிட முடிகிற கவளங்கள் எண்ணி எடுக்கக்கூடியவை. அவற்றைக் கஞ்சித் தண்ணீரிலும் ரஸ்க்கிலும் வீணாக்கக் கூடாது. தட்டில் போடும் அளவைக் கூட்ட முடியாவிட்டால், போடுகிற சாப்பாட்டில் இருக்கும் சத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

முதல் படி: எடை எவ்வளவு என்று சரியாகத் தெரிந்துகொள்வது

வாரத்துக்கு ஒரு நாள், ஒரே எடை இயந்திரத்தில், காலையில் கழிவறைக்குப் போய்வந்த பிறகு, எதுவும் சாப்பிடாமல், ஏறக்குறைய ஒரே மாதிரி உடையில் பாருங்கள். வீட்டில் இயந்திரம் இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம். தினமும் ஏறி இறங்க வேண்டாம். இன்றைக்கு 400 கிராம் கூடி நாளைக்கு 300 கிராம் குறைவது வெறும் தண்ணீர்க் கணக்கு, அதைப் பார்த்துப் பார்த்து மனசுதான் கெடும். ஒரு நோட்டில் தேதி, எடை இரண்டையும் எழுதுங்கள். முடிந்தால் தையற்காரர் டேப்பால் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கையின் சுற்றளவையும் மாதம் ஒருமுறை எழுதிவையுங்கள். கால் வீங்கினால் எடை ஏறிவிடும், ஆனால் புஜம் அவ்வளவு சுலபமாக ஏமாற்றாது.

உயரத்துக்கு எடை போதுமா என்று பார்க்க, எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் வைத்துக்கொண்டு, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். விடை 18.5க்குக் கீழே வந்தால் எடை குறைவு என்று பொருள். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அந்தக் கோடு சுமார் 47 கிலோவில் விழும்.

இதய நோய், சிறுநீரக நோய், ஈரல் நோய் உள்ளவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் சந்தோஷப்பட வேண்டாம். அது சதை இல்லை, உடம்பில் தேங்கும் நீர். கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தால் குழி விழுகிறதா என்று பார்த்து, உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எதிர்பார்ப்பையும் இப்போதே சரிசெய்துகொள்வது நல்லது. வழக்கமாகச் சாப்பிடுவதோடு தினமும் 300 முதல் 500 கலோரி கூடுதலாகப் போனால் வாரத்துக்குக் கால் கிலோவிலிருந்து அரை கிலோ வரை ஏறலாம். நோய் முழுக்க அடங்காதவர்களுக்கு அதற்கும் குறைவாகவே ஏறும். எடை மேலும் இறங்காமல் ஒரு மாதம் நின்றாலே அது முன்னேற்றம்தான்.

இரண்டாம் படி: பத்தியத்தை உடைப்பது

நம் பக்கத்தில் ஒருவர் படுத்துவிட்டால் அடுப்படியில் முதலில் நடப்பது பத்தியம். அரிசிக் கஞ்சி, ரசம் சோறு, இட்லி, பிரட், ரஸ்க். பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளும் இளநீரும் பிரட் பாக்கெட்டும் கொண்டுவருவார்கள். முட்டை சூடு, நிலக்கடலை பித்தம், தயிர் சளி, பருப்பு வாயு என்று ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து இறங்கிவிடும். கடைசியில் எது உடம்பைத் தேற்றுமோ அதெல்லாம் போய், எது வயிற்றை மட்டும் நிரப்புமோ அது மிச்சமிருக்கும். அன்பினால்தான் செய்கிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே பலர் இளைத்துக்கொண்டு போவதற்கு இந்தப் பத்தியமும் ஒரு காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 கிராம் அரிசியில் வைத்த ஒரு டம்ளர் கஞ்சியில் ஏறக்குறைய 85 கலோரியும் 2 கிராம் புரதமும்தான் இருக்கும். ஒரு கைப்பிடி நிலக்கடலை, அதாவது 30 கிராம், 170 கலோரி, 7 கிராம் புரதம் தரும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். கஞ்சி குடித்தால் வயிறு நிறைந்துவிடும், கடலை கொஞ்சம்தான் இடம் பிடிக்கும்.

அதனால் மருத்துவரிடம் போகும்போது "என்ன சாப்பிடலாம்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "எதையும் சாப்பிடலாம்" என்ற பதில்தான் வரும், வீட்டில் அதை யாரும் நம்ப மாட்டார்கள். "முட்டை, நிலக்கடலை, பால், தயிர், பருப்பு, மீன், கோழி, இதில் எனக்கு எது ஆகாது?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆகாதது இருந்தால் அதை மட்டும் எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டு அடுப்படியில் இருக்கட்டும். பெரியம்மா வந்து முட்டையை எடுத்து வைக்கச் சொன்னால் காட்டுவதற்கு உதவும்.

மூன்றாம் படி: ஏற்கெனவே சாப்பிடுவதில் சத்தை ஏற்றுவது

இதற்காகப் பெங்களூருக்குப் போய் விலை கூடிய பவுடர் டப்பா வாங்கி வர வேண்டியதில்லை. நம் ஊர் அடுப்படியில் வேண்டியது எல்லாம் இருக்கிறது.

ராகியிலிருந்து தொடங்கலாம். 80 கிராம் மாவில் கிளறிய ஒரு களி உருண்டையில் சுமார் 260 கலோரி கிடைக்கும். கால்சியம் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டும். ஆனால் புரதம் 6 கிராமுக்குள்தான். அதே களியை வெறும் ரசத்திலோ பச்சைப்புளியிலோ தொட்டுச் சாப்பிட்டால் அவ்வளவுதான். மொச்சையோ அவரைக்கொட்டையோ கொள்ளோ 40 கிராம் போட்ட குழம்பு சேர்ந்தால் இன்னொரு 9, 10 கிராம் புரதம் ஏறும். கீரை கடையும்போது ஒரு பிடி துவரம்பருப்பையும் வறுத்த நிலக்கடலைப் பொடியையும் போட்டுக் கடையுங்கள். மேலே ஒரு டீஸ்பூன் நெய் அல்லது கடலை எண்ணெய் விட்டால் 45 கலோரி கூடும், வயிறு அதைச் சுமையாக உணராது. களி கனமாக இருக்கிறது, இறங்கவில்லை என்றால் உருண்டையைப் பாதியாக்குங்கள், குழம்பைக் குறைக்காதீர்கள்.

தர்மபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு தரும் திட்டம் 2023இல் தொடங்கியது. உங்கள் கடையில் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். அங்கேயே துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் தருகிறார்கள். வருமானம் குறைந்த மாதங்களில் இந்த இரண்டையும் விட்டுவிட வேண்டாம்.

அடுத்து கூழும் கஞ்சியும். வாய்ப்புண், தொண்டை வலி, மூச்சிரைப்பு உள்ளவர்களுக்குக் குடிக்கும் உணவுதான் சுலபம். சிக்கல் என்னவென்றால், குடிக்கிற பதத்துக்குத் தளர்த்தினால் சத்து குறையும், சத்துக்காக மாவைக் கூட்டினால் கெட்டியாகி இறங்காது. இதற்கு ஒரு நல்ல வழி முளைகட்டிய ராகி. முளைக்கும்போது தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி உண்டாகிறது. அந்த மாவைக் கொஞ்சம் சேர்த்தாலே கெட்டிக் கூழ் தளர்ந்துவிடும். தண்ணீர் ஊற்றாமலே குடிக்கும் பதம் வரும், போட்ட மாவு முழுக்க உள்ளே போகும்.

செய்முறை இது. ராகியைக் கல், தூசி போக அலசி இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் வடித்து ஈரத்துணியில் கட்டிவைத்தால் ஒன்றிரண்டு நாளில் முளை வரும், இடையில் துணி காயாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். பூஞ்சை வாடை வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். முளை வந்ததை வெயிலில் நன்றாகக் காயவைத்து, கையால் தேய்த்து முளையை உதிர்த்து, மாவாக அரைக்கலாம். வாசனைக்காக எல்லாவற்றையும் சிவக்க வறுத்தால் அந்த நொதி போய்விடும், அதனால் ஒரு சிறு டப்பா அளவை வறுக்காமல் தனியாக வையுங்கள். சாதாரண ராகி மாவில் கெட்டியாகக் கூழ் காய்ச்சி இறக்கி, கை பொறுக்காத சூடு இருக்கும்போதே இந்த வறுக்காத மாவில் ஒரு டீஸ்பூன் போட்டுக் கிளறினால் சில நிமிடத்தில் தளரும். அப்புறம் மறுபடி அடுப்பில் ஏற்றி ஒரு கொதி விடுவது கட்டாயம். பச்சை மாவில் கிருமி இருக்கக்கூடும், நோயாளியின் வயிறு அதைத் தாங்காது.

30 கிராம் ராகி மாவு, 200 மில்லி பால், ஒரு மேசைக்கரண்டி நிலக்கடலைப் பொடி, ஒரு டீஸ்பூன் நெய், கொஞ்சம் வெல்லம். இப்படிச் செய்த ஒரு டம்ளரில் 400 கலோரியும் 12 கிராம் புரதமும் இருக்கும். மேலே சொன்ன அந்தக் கூடுதல் 300, 500 கலோரி இந்த ஒரு டம்ளரிலேயே வந்துவிடுகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது. உடைந்த மாவுச்சத்து ரத்தத்தில் வேகமாகச் சர்க்கரையை ஏற்றிவிடும்.

நிலக்கடலை வாங்கும்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது எதையும் போடக் கூடாது. அந்தப் பூஞ்சையின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ தெரிந்த விவசாயியிடமோ தோலோடு வாங்கி, தேவைக்கு உடைத்து வறுப்பது நல்லது.

பால் குடித்தால் வயிறு பொருமுகிறவர்கள் தயிருக்கு மாறலாம். மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரி வீடுகளில் பழத்துக்குப் பஞ்சமில்லை. சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர்கள் பழத்தைத் தனியாகச் சாப்பிட்டு வயிற்றை நிரப்புவதற்குப் பதிலாகப் பாலோடு அடித்துக் குடிக்கட்டும்.

புரதம் எவ்வளவு வேண்டும்? நாள்பட்ட நோயில் இளைத்தவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு, எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம். 50 கிலோ இருப்பவருக்கு 60லிருந்து 75 கிராம். இரண்டு முட்டை, 400 மில்லி பால், ஒரு கைப்பிடி கடலை, 60 கிராம் பருப்பு அல்லது மொச்சை, இதோடு வழக்கமான ராகியும் சோறும் சேர்ந்தால் 60 கிராமைத் தொட்டுவிடலாம். சிறுநீரக நோயாளிகள் மட்டும் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏன் என்று ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

நான்காம் படி: நேரத்தைப் பிரிப்பது

மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரியுங்கள். பசிக்கும்போது சாப்பிடலாம் என்று காத்திருந்தால் பல நோயாளிகளுக்குப் பசி வரவே வராது, கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டியதுதான். காலை எழுந்ததும் வெறும் டீ குடிக்கிற பழக்கத்தைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். அந்த ஒரு டம்ளர் டீ இருக்கிற கொஞ்ச நஞ்சப் பசியையும் அடக்கிவிடும். டீ இல்லாமல் முடியாது என்றால் முதலில் ஒரு முட்டையோ கூழோ போகட்டும், டீ பிறகு வரட்டும். பலருக்குக் காலையில்தான் வாய் கொஞ்சம் நன்றாக இருக்கும், நாளின் பெரிய சாப்பாட்டை அப்போதே வைத்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு முன்னும் நடுவிலும் டம்ளர் டம்ளராகத் தண்ணீர் வேண்டாம். ஒரு வாய், இரண்டு வாய் போதும், மீதியை இடைவேளைகளில் குடித்துக்கொள்ளலாம்.

ஓசூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது சிரமம், தெரியும். கேன்டீன் நேரத்துக்கு வெளியே கையில் இருக்கக்கூடியதைத் தயார் செய்துகொள்ளுங்கள். வறுத்த கடலை, எள்ளுருண்டை, அவித்த முட்டை, பொட்டுக்கடலை. இரவு ஷிப்ட்டில் நடுராத்திரி ஒரு முறை சாப்பிடுவதும் கணக்கில் சேர வேண்டும். தோட்ட வேலைக்கும் கூலி வேலைக்கும் போகிறவர்கள் கம்பங்கூழோ ராகிக்கூழோ எடுத்துப்போவார்கள், அதில் தண்ணீருக்குப் பதில் தயிரைக் கரைத்து, கடித்துக்கொள்ள ஊறுகாய், வெங்காயத்தோடு கடலையும் வைத்துக்கொள்ளலாம்.

வாய் கசக்கிறது, உலோக ருசி வருகிறது என்பவர்கள் எலுமிச்சை, புதினா, கொத்தமல்லி, இஞ்சித் துவையல் கொண்டு ருசியை மாற்றிப் பாருங்கள். சூடான சாப்பாட்டின் வாசனை குமட்டினால் ஆறிய தயிர்சோறு ஏற்கும். பல்லையும் கவனியுங்கள். எடை இறங்கியதும் ஈறு சுருங்கிப் பல்செட் ஆடும். மெல்ல முடியாதவர் வெட்கப்பட்டு வெளியே சொல்லாமல் ரசம் சோற்றுக்குப் போய்விடுவார். நான் பார்த்த வயதானவர்களில் சிலர் சாப்பாட்டைக் குறைத்ததற்கு இதுதான் காரணம், வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

ஐந்தாம் படி: உங்கள் நோய்க்கு ஏற்ப மாற்றிக்கொள்வது

சர்க்கரை நோயில் எடை இறங்குகிறது என்றால், பெரும்பாலும் சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்பதன் அடையாளம் அது. சாப்பிட்டது சிறுநீரில் போகிறது. அந்த நிலையில் அதிகமாகச் சாப்பிட்டு எடையை ஏற்ற முடியாது. மாத்திரையோ இன்சுலினோ சரியான அளவுக்கு வந்தால் எடை தானாகத் திரும்பத் தொடங்கும். இன்சுலின் போட்டால் அவ்வளவுதான் என்ற பயத்தில் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. எடையைக் கூட்ட வெல்லம், மாம்பழம் பக்கம் போகாமல் முட்டை, கடலை, பருப்பு, எண்ணெய் பக்கம் போங்கள். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. மாத்திரை வாங்கப் போக முடியாமல் விட்டுப்போகிறது என்றால் உங்கள் துணை சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

காசநோயில் எடை ஏறுவது சிகிச்சை வேலை செய்கிறது என்பதற்கும் அடையாளம். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. 42 கிலோவில் சிகிச்சை தொடங்கும் ஒருவருக்கு 5 சதவீதம் என்பது சுமார் 2 கிலோ. சத்துணவுக்காக அரசு மாதம் 500 ரூபாய் தந்துவந்தது, 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாய். உங்கள் வங்கிக் கணக்கு பதிவாகியிருக்கிறதா என்று மாத்திரை வாங்கும் இடத்தில் கேளுங்கள். பணம் வந்தால் அதைத் தனியாக வைத்து முட்டைக்கும் பாலுக்கும் மட்டும் செலவழியுங்கள்.

விறகடுப்புப் புகையில் ஆயுள் முழுக்கச் சமைத்த பெண்களுக்கும் பீடி பிடித்தவர்களுக்கும் வரும் நாள்பட்ட நுரையீரல் நோயில், மூச்சு விடுவதற்கே உடம்பு அதிகச் சக்தியைச் செலவழிக்கிறது. சாப்பிட உட்கார்வதற்கு முன் கால்மணி நேரம் ஓய்வெடுங்கள். இன்ஹேலர் நேரத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, மெல்ல அதிகம் தேவைப்படாத மென்மையான உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். வயிறு முட்டினால் மூச்சு இன்னும் திணறும்.

சிறுநீரக நோயில் பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. டயாலிசிஸ் தொடங்கும் முன் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். டயாலிசிஸ் தொடங்கியதும் புரதத்தைக் கூட்ட வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெளியே போகிறது. பழைய சீட்டையே பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் பருப்பையும் முட்டையையும் ஒதுக்கி இளைத்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள். சீட்டைப் புதுப்பித்துக் கேளுங்கள். பொட்டாசியம் ஏறும் என்பதால் இளநீர், வாழைப்பழம், தக்காளி எல்லாம் அவர்களுக்கு அளவறிந்துதான். ராகி, கடலைக்கும் அதே போலக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈரல் சுருக்க நோய் உள்ளவர்கள் இரவு பட்டினியோடு நீண்ட நேரம் இருக்கவே கூடாது. ராத்திரிச் சாப்பாடு முடிந்து படுக்கப்போகும் முன் இன்னொரு சின்ன சாப்பாடு வேண்டும், ஒரு கிண்ணம் பால்சோறோ இரண்டு இட்லியோ போல. அது இல்லாவிட்டால் விடிவதற்குள் உடம்பு தன் சதையையே கரைத்துக்கொள்ளும். உப்பு குறைவாகத்தான் இருக்க வேண்டும், புரதத்தை மருத்துவர் சொல்லாமல் குறைக்க வேண்டாம்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, குறைந்தது அரைமணி நேரம் கழித்தே காலை உணவைத் தொட வேண்டும். கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஒரு வாரமோ அதற்கு மேலோ ஏறக்குறைய எதுவும் சாப்பிடாமல் இருந்தவருக்கு, பசி திரும்பிய அன்றே தட்டு நிறையப் போட்டுவிடாதீர்கள். திடீரென்று சத்து உள்ளே போனால் ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் அளவு சரிந்து இதயத்தைப் பாதிக்கலாம். இவர்களுக்கு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே மெல்ல ஏற்ற வேண்டும்.

ஆறாம் படி: உடம்பை அசைப்பது

சாப்பாடு மட்டும் போய், நாள் முழுக்கக் கட்டிலில் படுத்திருந்தால் ஏறுவது கொழுப்புதான், இழந்தது தசை. நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். ஐந்து முறை முடிந்தால் ஐந்து, வாரத்துக்கு ஒன்றிரண்டு கூட்டிக்கொள்ளலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குங்கள். மாலையில் தெருக்கோடி வரை நடந்துவந்தால் ராத்திரிக்குக் கொஞ்சம் பசியும் எடுக்கும். நெஞ்சு வலி, அதிக மூச்சிரைப்பு, தலைச்சுற்றல் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நம் மாவட்டங்களில் முழங்கால், முதுகு இறுக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் ஃபுளூரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் நாளடைவில் பல்லையும் எலும்பையும் பாதிக்கும். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஒகேனக்கல் தண்ணீர் வரும் ஊர்களில் குடிக்க மட்டுமின்றிச் சமைக்கவும் அதையே பிடித்துவையுங்கள்.

வாங்கக் கூடாதவை

சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் கைபேசி விளம்பரத்திலும் ஒரே மாதத்தில் உடம்பு தேற்றும் பொடி, லேகியம், மாத்திரை விற்கிறார்கள். லேபிள் இல்லாத இப்படிப்பட்ட பொருட்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல இடங்களில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. முகம் உப்பும், பசி எடுக்கும், எடையும் ஏறும். கூடவே சர்க்கரை எகிறும், எலும்பு பலமிழக்கும், தொற்று எளிதாகப் பிடிக்கும். நீண்ட நாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மறைக்காமல் டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள். பசியைத் தூண்டும் மருந்துகள் முறையாகவும் உண்டு, அவற்றை எழுதித் தர வேண்டியவர் உங்கள் நோயை அறிந்தவர்தான்.

மனசும் சுற்றியிருப்பவர்களும்

"என்னங்க அக்கா, பாதியாயிட்டீங்க!" கல்யாண வீட்டில், சந்தையில், பஸ்ஸில் எல்லா இடத்திலும் இது வரும். கேட்கிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, ஆனாலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். "உடம்பு சரியில்ல, மருந்து சாப்பிடறேன், தேறிட்டு வரேன்." அதற்கு மேல் யாருக்கும் நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. தொளதொளத்த துணியைத் தையற்காரரிடம் கொடுத்து இரண்டு செட் மட்டும் பிடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் பார்க்க அது நிஜமாகவே உதவுகிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தட்டுக்கு முன் நின்று "இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய்" என்று வற்புறுத்தாதீர்கள். சாப்பாட்டு நேரம் சண்டை நேரமாகிவிட்டால் அவருக்குத் தட்டைப் பார்த்தாலே வயிறு மூடிக்கொள்ளும். சின்னக் கிண்ணத்தில் வையுங்கள், கூட உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள், பேச்சு வேறு எதையாவது பற்றி இருக்கட்டும். மிச்சம் வைத்தால் எடுத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து வேறொன்றைக் கொடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆர்வமில்லை, தூக்கமில்லை, அழுகை வருகிறது, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால், பசியின்மைக்கு நோயோடு மனச்சோர்வும் காரணமாக இருக்கலாம். அதற்கும் சிகிச்சை உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. 104 மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது.

எப்போது மறுபடி மருத்துவரிடம்

இவ்வளவும் செய்து ஒரு மாதமாகியும் எடை இறங்கிக்கொண்டே போனால் சாப்பாட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. சர்க்கரை, தைராய்டு, சளி, ரத்தசோகை எல்லாம் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். சாப்பிடும் மாத்திரைகளில் ஏதாவது பசியைக் கெடுக்கிறதா என்றும் கேளுங்கள், மெட்ஃபார்மின் சிலருக்கு அப்படிச் செய்யும். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்திவிட வேண்டாம். விழுங்கும்போது அடைப்பது, கறுப்பாக மலம் போவது, நிற்காத வாந்தி அல்லது பேதி, மாலைக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, இதில் எது வந்தாலும் மாதக் கடைசி வரை காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. உணவு ஆலோசகரைப் பார்க்க முடியுமா என்று வெளிநோயாளிப் பிரிவில் கேளுங்கள்.

போகும்போது மூன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்: எடை எழுதிய நோட்டு, சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும், முந்தைய மூன்று நாள் என்னென்ன எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று டம்ளர், கரண்டி கணக்கில் எழுதிய ஒரு தாள். கூட்டம் அதிகமுள்ள வெளிநோயாளிப் பிரிவில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்தத் தாளை மேசையில் வைத்தால், எங்கே குறைகிறது என்று அவர் உடனே பார்த்துச் சொல்லிவிடுவார்.